ஆக்ஸிகான்டின் வழக்கு: 740 கோடி டாலர் சரி, குற்றவாளி யார்?

பொருநைக்கரையான் (நியூஜெர்சி):

அமெரிக்க மருந்துக் கம்பெனியான பர்டியூ ஃபார்மாவின் திவால் திட்டத்துக்கு 2025 நவம்பரில் நீதிபதி ஷான் லேன் ஒப்புதல் கொடுத்துவிட்டார். மாநிலங்களுக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இழப்பீடாக மொத்தம் 740 கோடி டாலர். ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரையில் சம்பாதித்த முதலாளிகளான சாக்லர் குடும்பம் 15 வருஷத் தவணையில் 650 முதல் 700 கோடி வரை கட்டும். மிச்சம் கம்பெனிக் கையிருப்பு. கம்பெனி அவர்கள் கையை விட்டுப்போய், நோவா ஃபார்மா என்ற பெயரில் நடக்கும்.

தொகை போதுமா போதாதா என்று இந்த இணைய மன்றத்தில் ஏற்கனவே அடித்துக்கொண்டாயிற்று. நான் கேட்பது வேறு. இதே கம்பெனி குழுமம் 2007-ல் ஒரு தடவை, 2020-ல் ஒரு தடவை, கூட்டாட்சி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது. அப்படியும் குடும்பத்தில் ஒருவர் மேல்கூடக் கிரிமினல் வழக்கு வரவில்லை. 2022 மார்ச்சில் திவால் வழக்கு விசாரணையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பேசியதை இரண்டு சாக்லர்கள் வீடியோவில் உட்கார்ந்து கேட்டார்கள். கம்பெனியின் முன்னாள் தலைவர் ரிச்சர்ட் சாக்லர் குரல் இணைப்பில் மட்டும், முகம் காட்டவில்லை. தண்டனை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பொய் சொன்னது 'கம்பெனி' என்றால் அந்தப் பொய்யை எழுதிய கை யாருடையது?

நாகராஜன் கே:

உணர்ச்சிவசப்படாமல் பார்ப்போம். எஃப்டிஏ, அதாவது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 1995-ல் அனுமதித்த மருந்து. எழுதியது உரிமம் பெற்ற டாக்டர். கொடுத்தது உரிமம் பெற்ற மருந்துக்கடை. நொறுக்கி மூக்கில் உறிஞ்சியது வாங்கினவன். நாலாவது ஆள் செய்ததற்கு முதல் ஆளைத் தூக்கில் போடச் சொல்கிறீர்கள்.

1999 முதல் 2022 வரை ஓபியாய்டில் 7 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் 2013-க்குப் பிறகு செத்தவர்களில் பெரும்பகுதி கள்ளத்தனமாக வந்த ஃபென்டனில் என்ற வீரியமான செயற்கை ஓபியாய்டால். மெக்சிகோ கும்பல் கடத்தியதற்குக் கனெக்டிகட் கம்பெனி பொறுப்பா?

கிளீவ்லாந்து பார்மசிஸ்ட்:

நாகராஜன் சார், "நொறுக்கினவன்தான் குற்றவாளி" என்பது பழைய வாதம். 2001-லேயே ரிச்சர்ட் சாக்லர் மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார்: துஷ்பிரயோகம் செய்கிறவர்களை எல்லா வழியிலும் அடிக்க வேண்டும், பிரச்சினையே அவர்கள்தான் என்று. மாசசூசெட்ஸ் மாநில வழக்கில் அது வெளியே வந்தது.

அனுமதியைப் பற்றிச் சொல்கிறேன். முதல் லேபிளில் ஒரு வரி இருந்தது. மருந்து மெதுவாக உடலில் சேர்வதால் துஷ்பிரயோகத்துக்கான வாய்ப்பு குறையும் என நம்பப்படுவதாக. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக ஒரு சோதனையும் நடத்தப்படவில்லை. விண்ணப்பத்தைப் பரிசீலித்த எஃப்டிஏ அதிகாரி கர்ட்டிஸ் ரைட் பிற்பாடு பர்டியூவிலேயே வேலைக்குப் போனார். இந்த ஒரு வரியை வைத்துத்தான் விற்பனைப் படை நாடு முழுக்க இறங்கியது.

அடுத்தது, "நூற்றுக்கு ஒருவர்கூட அடிமையாவதில்லை" என்ற பேச்சு. அதன் வேர் 1980-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதம். ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் படுத்திருந்த 11,882 நோயாளிகளில் நாலு பேர்தான் அடிமையானதாகப் பதிவு என்று இருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையால் வாங்கிச் சாப்பிட்டவர்கள் அவர்கள். மாதக்கணக்கில் முதுகுவலிக்கு வீட்டில் வைத்துச் சாப்பிடுகிறவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்தக் கடிதம் 600 தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டது.

இதெல்லாம் என் அபிப்பிராயம் இல்லை. ஆக்ஸிகான்டினில் அடிமைத்தன ஆபத்து குறைவு என்று டாக்டர்களிடம் பொய் சொல்லி விற்றோம் என்றுதான் 2007-ல் வர்ஜீனியாவில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். டாக்டர் எழுதினார் என்கிறீர்கள். டாக்டரிடம் சொன்னதே பொய் என்றால் அவர் கையெழுத்து யாருக்குக் கவசம்?

ஃபென்டனில் கேள்விக்கு: 2010-ல் நொறுக்க முடியாத மாதிரி மாத்திரையை மாற்றினார்கள். அதற்குள் அடிமையாகியிருந்தவர்கள் எங்கே போவார்கள்? ஹெராயினுக்குப் போனார்கள். ஹெராயினில் ஃபென்டனில் கலந்து வந்தது. எல்லாச் சாவும் பர்டியூ கணக்கில் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சந்தையை உருவாக்கியதில் முதல் பங்கு யாருடையது என்று இந்த ஊரில் கடை நடத்துகிற யாரையும் கேட்டுப் பாருங்கள்.

பழைய ரெப் (திருச்சி):

நான் முப்பது வருஷம் மெடிக்கல் ரெப். பை தூக்கின ஆளாகச் சொல்கிறேன், லேபிளைவிட இன்சென்டிவ் ஷீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

பர்டியூ 2001-ல் மட்டும் விற்பனையாட்களுக்கு 4 கோடி டாலர் போனஸ் கொடுத்திருக்கிறது. சராசரியாக ஆளுக்கு 71,500. உச்சத்தில் இருந்தவருக்கு 2,40,000 பக்கம். போனஸுக்கு மேல்வரம்பு கிடையாது. வரம்பு இல்லாத இன்சென்டிவ் என்றால் என்ன நடக்கும் என்று ஏரியா மேனேஜருக்குத் தெரியாதா? எவன் அதிக வீரிய மாத்திரை எழுத வைக்கிறானோ அவன் வீட்டுக்குப் பணம். 1996-ல் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை 2000-ல் 110 கோடிக்குப் பக்கம் வந்ததற்கு வேறு மந்திரம் தேவையில்லை.

நாங்கள் கெமிஸ்ட் கடையில் நின்று, கடைப்பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, எந்த டாக்டர் யாருடைய பிராண்டை எழுதுகிறார் என்று ஆர்சிபிஏ என்ற கணக்கெடுப்பு எடுப்போம். பாதி உண்மை, பாதி நாங்களே நிரப்புவது. அங்கே அந்தத் தகவலைக் கம்பெனியே விலைக்கு வாங்கிவிடும். எந்த டாக்டர் வலி மாத்திரையைத் தாராளமாக எழுதுகிறார் என்று ஊர் வாரியாகப் பட்டியல். அவர் வாசலுக்கே திரும்பத் திரும்ப ரெப்பை அனுப்பினார்கள். நோயாளிக்கு முதல் சீட்டு இலவசம் என்று கூப்பன். சுமார் 34,000 கூப்பன் செலவானது. நாங்கள் டாக்டருக்குப் பேனா கொடுத்தோம். இவர்கள் போதை மருந்தின் பெயர் போட்ட தொப்பியும் பொம்மையும் பாட்டு சிடியும் கொடுத்தார்கள்.

ரெப்பை மட்டும் திட்டாதீர்கள். டார்கெட்டை எழுதினவன் ஏசி ரூமில் இருக்கிறான்.

வக்கீல் மதுரை:

பொருநைக்கரையான் கேட்டதற்கு வருகிறேன். கொஞ்சம் நீளும்.

2007-ல் கம்பெனி மட்டுமல்ல, மூன்று உயர் அதிகாரிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மொத்தம் 63.45 கோடி டாலர், அதில் 3.45 கோடி அந்த மூவர் தலையில். ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டது சிறு குற்றம். மருந்துக்குத் தவறான விவரம் கொடுத்த கம்பெனியில் பொறுப்பான பதவியில் இருந்தோம் என்ற அளவுக்குத்தான். தெரிந்தே ஏமாற்றினேன் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் சிறை இல்லை. மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை. அரசு மருத்துவத் திட்டங்களோடு தொழில் செய்யத் தடை வந்தது, அதையும் எதிர்த்து அப்பீல் போனார்கள்.

பெருங்குற்றத்துக்கு மனசறிந்து செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். இயக்குநர் குழுவில் உட்கார்ந்து "விற்பனையைக் கூட்டு" என்றவர், "பொய் சொல்லிக் கூட்டு" என்று எழுத்தில் சொல்வதில்லை. இந்த இடைவெளியில்தான் முதலாளிகள் எல்லோரும் தப்பிக்கிறார்கள். போபால் வழக்கு பார்த்த நமக்கு இது புதுசு இல்லை.

அடுத்தது திவால் மனு. 2019 செப்டம்பரில் பர்டியூ மனுப் போட்டது. திவாலானது கம்பெனி, குடும்பம் அல்ல. அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் குடும்பம் சுமார் 1,100 கோடி டாலரை வெளியே எடுத்திருந்தது. எடுத்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம், பதிலுக்கு எங்கள் மேல் இனி யாரும் சிவில் வழக்குப் போடக்கூடாது என்று உத்தரவு கொடுங்கள் என்றார்கள். சம்மதிக்காதவர்களையும் கட்டுப்படுத்துகிற உத்தரவு. சாக்லர்களுக்கு அந்த மனு நம்மூர் முன்ஜாமீன் மாதிரி வேலை செய்தது. திவால் நீதிபதி 2021-ல் ஏற்றார், மாவட்ட நீதிபதி அதே வருஷம் ரத்து செய்தார், 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்ப உயிர் கொடுத்தது. கடைசியில் 2024 ஜூன் 27-ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று உடைத்தது. நீதிபதி கோர்சச் எழுதிய தீர்ப்பின் சாரம்: திவாலாகாதவருக்குத் திவால் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது.

அதன் பலன்தான் இப்போதைய திட்டம். முன்பு 600 கோடி வரை என்றவர்கள் 650-க்கு மேல் ஏறி வந்திருக்கிறார்கள். சம்மதிக்காதவர் சாக்லர் மேல் வழக்குப் போடலாம். இதில் எதுவும் கிரிமினல் வழக்குக்குத் தடை இல்லை. சட்டப்படி அந்தக் கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. யாரும் நுழையவில்லை, அவ்வளவுதான்.

நாகராஜன் கே:

வக்கீல் சார், ஓக்லஹோமாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? அங்கே ஓபியாய்டு வழக்கில் ஜான்சன் அண்ட் ஜான்சன் மேல் 2019-ல் 57.2 கோடி டாலர் தீர்ப்பு. பிறகு 46.5 கோடியாகக் குறைந்தது. 2021 நவம்பரில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் முழுசாகத் தள்ளுபடி செய்தது. நான் சொல்வதைத்தானே அவர்களும் சொன்னார்கள்?

வக்கீல் மதுரை:

இல்லை. கம்பெனி நல்லவன் என்று அவர்கள் சொல்லவில்லை. மாநிலம் பொதுத்தொல்லை என்ற பிரிவில் வழக்குப் போட்டிருந்தது. ஊர்ப் பொது வழியை மறித்தவன், ஆற்றில் கழிவு விட்டவன் மேல் போடுகிற பழைய பிரிவு. சட்டப்படி விற்ற பொருளின் விளம்பரத்துக்கு அதை நீட்ட முடியாது என்றார்கள். வழக்கின் அச்சு தப்பு என்றுதான் தீர்ப்பு.

பொதுத்தொல்லையை ஏன் பிடித்தார்கள் என்றால், அதில் ஒவ்வொரு நோயாளிக்கும் இந்த மாத்திரையால்தான் கேடு என்று தனித்தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. அந்த வசதியே அதன் பலவீனமும்.

கிளீவ்லாந்து பார்மசிஸ்ட்:

எங்கள் பக்கத்திலேயே அது நடந்தது. லேக், டிரம்புல் என்ற இரண்டு கவுன்ட்டிகள் (மாவட்டம் மாதிரி) சிவிஎஸ், வால்கிரீன்ஸ், வால்மார்ட் என்ற பெரிய மருந்துக்கடைக் கம்பெனிகள் மேல் போட்ட வழக்கு. 2021-ல் ஜூரி பொறுப்பாளி என்றது. அடுத்த வருஷம் 65 கோடி டாலர் தீர்ப்பு. 2024 டிசம்பரில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் மாநிலச் சட்டப்படி இப்படி வழக்கே போட முடியாது என்றுவிட்டது. அன்றைக்குக் கடைக்கு வந்த ஒரு அம்மா, பையனை இழந்தவர், "அப்போ ஜூரி சொன்னதுக்கு மதிப்பில்லையா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

ஸ்கார்பரோ சுதன்:

வணக்கம் எல்லாருக்கும். இஞ்ச கனடாவில கதை வேற மாதிரிப் போனது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2018-ல வழக்குப் போட்டுது, அதோட வழக்குக்குத் தேவையான சட்டத்தையும் தானே இயற்றிப் போட்டுது. சுகாதாரச் செலவைக் கம்பெனியளிட்ட அரசு திருப்பிக் கேக்கலாம் எண்டு. மற்ற மாகாணங்களுக்கும் சேர்த்து ஒரு மாகாணம் வழக்காடலாம் எண்டதைக் கம்பெனியள் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 நவம்பரில தோத்திட்டினம்.

பர்டியூ கனடா 2022-ல 15 கோடி கனடா டாலருக்கு சமாதானம் பண்ணிட்டுது. முழு நாட்டுக்கும் சேர்த்து. அமெரிக்காக் காசோட வைச்சுப் பாத்தால் சில்லறை. ஆனால் வக்கீல் அண்ணை சொன்ன அச்சுப் பிரச்சினை இஞ்ச இல்லை. சட்டசபையே புது அச்சு வார்த்துக் குடுத்திட்டுது. புகையிலைக் கம்பெனியளுக்கு எதிரா முதல்ல செய்து பழகின வேலைதான்.

பொருநைக்கரையான்:

சுதன், நல்ல தகவல். இன்னொன்று. நாமெல்லாம் சாக்லர் சாக்லர் என்கிறோமே, போதைத் தடுப்பு அமைப்பின் தரவு நீதிமன்ற உத்தரவில் 2019-ல் வெளிவந்தபோது தெரிந்தது: 2006 முதல் 2012 வரை நாடு முழுக்க விற்ற 7,600 கோடி ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு மாத்திரையில் பர்டியூ பங்கு சுமார் 3 சதவீதம். வீரியத்தில் கணக்கிட்டால் கூடும், இருந்தாலும். முதல் இடம் மாலின்க்ராட் குழுமத்துக்கு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பிராண்ட் பெயர் இல்லாத மலிவு ஜெனரிக் மாத்திரை தயாரித்தவர்கள்.

அந்தக் கம்பெனி 2020-ல் திவால் மனுப் போட்டு 170 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. 2023-ல் இரண்டாம் தடவை திவால். அதில் 100 கோடியைக் குறைத்துக்கொண்டார்கள். பேப்பரில் மூலையில் வந்த செய்தி. நன்கொடை கொடுத்ததால் சாக்லர் பெயர் மியூசியச் சுவரில் இருந்தது, அதனால் கோபத்துக்கு ஒரு முகம் கிடைத்தது. மாலின்க்ராட்டுக்கு முகமே இல்லை.

மேற்கு வர்ஜீனியாவில் கெர்மிட் என்று 400 பேர் வசிக்கிற ஊர். அங்கே ஒரே மருந்துக்கடைக்கு இரண்டு வருஷத்தில் 90 லட்சம் மாத்திரை போயிருக்கிறது. அனுப்பியவர்கள் மொத்த விநியோகக் கம்பெனிகள். லாரி ஏற்றினவனுக்குக் கூடவா சந்தேகம் வரவில்லை?

பழைய ரெப் (திருச்சி):

400 பேர் ஊருக்கு 90 லட்சமா! எங்கள் காலத்தில் ஒரு ஸ்டாக்கிஸ்ட் வழக்கத்தைவிட இரண்டு பெட்டி கூடக் கேட்டாலே மேனேஜர் போன் பண்ணுவார், சரக்கு வேறு ஏரியாவுக்குப் போகிறதா என்று. சந்தேகம் வராமல் இருக்காது தம்பி. கமிஷன் வந்திருக்கும்.

மெய்யப்பன்:

ஒருத்தர்கூட உள்ளே போகவில்லை என்கிறீர்கள். போனவர் இருக்கிறார், அதுவும் இந்தியாவில் பிறந்தவர். இன்சிஸ் கம்பெனி நிறுவனர் ஜான் கபூர், அமிர்தசரஸ்காரர். புற்றுநோய் வலிக்கு நாக்கடியில் அடிக்கிற ஃபென்டனில் ஸ்பிரேயைப் புற்றுநோய் இல்லாதவர்களுக்கும் எழுத வைக்க டாக்டர்களுக்கு லஞ்சம். 'சொற்பொழிவுக் கட்டணம்' என்று பெயர். 2019 மே மாதம் பாஸ்டன் ஜூரி குற்றவாளி என்றது, 2020-ல் 66 மாதம் சிறை. கும்பல்களுக்கு எதிரான ரிகோ சட்டத்தைப் போட்டார்கள்.

வக்கீல் மதுரை:

மெய்யப்பன் சொன்னது முக்கியம். கபூர் ஏன் மாட்டினார்? பணம் கைமாறியது. எந்த டாக்டருக்கு எவ்வளவு, அவர் எத்தனை சீட்டு எழுதினார் என்று கம்பெனியே கணக்கு வைத்திருந்தது. கூட இருந்தவர்களே அப்ரூவராக மாறினார்கள். பெரிய கம்பெனிகள் அதே பணத்தைக் கருத்தரங்கு, வலி நோயாளிகள் சங்கம், ஆராய்ச்சி மானியம் என்று பிரித்து விட்டன. லஞ்சம் என்று சொல்ல முடியாத வடிவத்தில் கொடுத்தால் ஜூரிக்குக் காட்ட ரசீது இருக்காது.

ஆலோசகர்களையும் மறக்காதீர்கள். மெக்கின்சி 2017-ல் பர்டியூவுக்குக் கொடுத்த யோசனை ஒன்று, ஆக்ஸிகான்டினால் ஓவர்டோஸ் ஆகிற ஆளுக்கு இவ்வளவு என்று மருந்து விநியோகிக்கிறவர்களுக்குத் தள்ளுபடி தரலாம் என்பது. சம்பவத்துக்கு 14,810 டாலர் என்று மதிப்பீடும் போட்டிருந்தார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. பிற்பாடு அந்த நிறுவனம் மாநிலங்களுக்கு 57.3 கோடியும், 2024-ல் நீதித்துறைக்கு 65 கோடியும் கட்டியது. ஒரு முன்னாள் பார்ட்னர் மேல் குற்றம் வந்தது, ஆனால் ஆவணங்களை அழித்ததற்காக. யோசனை சொன்னதற்காக இல்லை.

தணிப்பு சிகிச்சை டாக்டர் (சென்னை):

இழை முழுக்கப் படித்தேன். ஒரு கவலை. இதைப் படிக்கிறவர்கள் ஓபியாய்டே விஷம் என்ற முடிவுக்குப் போய்விடக்கூடாது. என் வார்டில் இருப்பது நேர் எதிரான பிரச்சினை. எலும்புக்குப் பரவிய புற்றுநோயில் துடிக்கிறவருக்கு மார்பின் எழுதினால், "அது கடைசி மருந்தாமே, போதையாமே" என்று பிள்ளைகள் மறுக்கிறார்கள். 1985 போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு உரிமத்துக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்பினை வைப்பதையே விட்டுவிட்டன. 2014-ல்தான் சட்டம் திருத்தினார்கள். அமெரிக்காவில் பொய் சொல்லி விற்றவர்கள் செய்த கேடு இங்கே மாத்திரை கிடைக்காமல் சாகிறவர்கள் வரை வருகிறது. இப்போது இளம் டாக்டர்களும் ஆக்ஸிகான்டின் கதையைச் சொல்லி மார்பின் எழுதத் தயங்குகிறார்கள்.

ஆகவே குற்றச்சாட்டைச் சரியாகச் சொல்லுங்கள். ஓபியாய்டு தயாரித்தது குற்றமில்லை. சாகும் தறுவாயில் இருப்பவருக்கான மருந்தை நாள்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் பயமில்லாமல் எழுதலாம் என்று ஆதாரமில்லாமல் சொன்னது குற்றம்.

நம் கம்பெனிகளும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். டபென்டடால் என்ற ஓபியாய்டையும் காரிசோப்ரடால் என்ற தசை தளர்த்தும் மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையாக்கி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய மும்பைக் கம்பெனியை 2025 பிப்ரவரியில் பிபிசி அம்பலப்படுத்திய பிறகுதான் அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. சென்னையில் வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிய பையன்கள் பிடிபட்ட செய்தி வராத வாரம் இல்லை. விற்றவன் படம் பேப்பரில் வருகிறது. தயாரித்த கம்பெனியைப் பற்றி ஒரு வரியாவது படித்திருக்கிறீர்களா?

நாகராஜன் கே:

டாக்டர் அம்மா சொன்ன வரையறையை நான் ஏற்கிறேன். பொய்க்குத் தண்டனை கொடுங்கள், பொருளுக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் அப்படியானால் இந்தக் கோடிகள் யாருக்குப் போகின்றன என்றும் கேளுங்கள். 1998 ஒப்பந்தத்தில் புகையிலைக் கம்பெனிகள் கொடுத்த பணத்தில் பல மாநிலங்கள் பட்ஜெட் ஓட்டையை அடைத்தன.

கிளீவ்லாந்து பார்மசிஸ்ட்:

அந்தப் பாடம் படித்துத்தான் விநியோகக் கம்பெனிகளும் ஜான்சனும் சேர்ந்து கட்டும் 2,600 கோடி ஒப்பந்தத்தில் பெரும்பகுதி சிகிச்சைக்கும் தடுப்புக்கும்தான் போக வேண்டும் என்று எழுதினார்கள். நடைமுறையில் போலீஸ் வண்டி வாங்கியதும் 'தடுப்பு' என்று கணக்கு எழுதுகிற கவுன்ட்டிகள் உண்டு.

பர்டியூ பணத்தில் தனிநபர்களுக்கு 85 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கீடு. வாங்க வேண்டுமென்றால் ஆக்ஸிகான்டின் தனக்கோ இறந்தவருக்கோ எழுதப்பட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். இருபது வருஷத்துக்கு முந்தைய சீட்டு யாரிடம் இருக்கும்? டாக்டர் கிளினிக்கை மூடியிருப்பார். மருந்துக்கடைகள் சட்டம் சொல்கிற சில வருஷத்துக்குமேல் பதிவுகளை வைத்திருப்பதில்லை. பழைய ரெகார்டு கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது இப்போது என் வேலையில் ஒரு பகுதி.

பொருநைக்கரையான்:

கம்பெனிக்கு எந்த டாக்டர் எத்தனை மாத்திரை எழுதினார் என்று தெரிந்திருந்தது. செத்தவன் வீட்டுக்காரர் மட்டும் சீட்டுக் காட்ட வேண்டும்.

வக்கீல் மதுரை:

அதனால்தான் இந்தத் திட்டத்தில் நான் பணத்தைவிட மதிக்கிற ஷரத்து ஒன்று: பர்டியூ 3 கோடிக்கும் மேற்பட்ட உள் ஆவணங்களைப் பொதுவில் வைக்க வேண்டும். வக்கீல்களோடு பேசியதாக இதுவரை மறைத்தவற்றிலும் ஒரு பகுதி வரும். மற்ற கம்பெனி ஆவணங்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் நடத்துகிற இணையக் காப்பகத்தில் 2021 முதலே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் தேடலாம், காசு இல்லை.

பழைய ரெப் (திருச்சி):

அதில் மாலின்க்ராட் ரெப்களின் ட்ரெயினிங் மெட்டீரியல், இன்சென்டிவ் சர்க்குலர் கிடைக்குமா சார்? ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் அந்தத் தாள்களில் எந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வக்கீல் மதுரை:

நிறையவே இருக்கின்றன. கம்பெனி பெயரைப் போட்டு, விற்பனைப் பயிற்சி என்று வடிகட்டுங்கள். லிங்க் உங்கள் இன்பாக்ஸில். முதலில் போனஸ் கணக்கைப் படியுங்கள்.